வருகையின் நோக்கம்

2018 ஜனவரி மாதத்து ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து வந்து மகனின் கணனிக்கு முன்னால் அமர்ந்திருந்தேன். திரையில் ஒரு விண்ணப்பம். இலங்கைக்கு வர விரும்பும் ஓர் இந்தியப் பிரஜைக்காக, இலங்கையில் இருக்கும் நான் அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வருடங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்கிய எனக்கு, ஒரு பக்க விண்ணப்பத்தை நிரப்ப மூன்று இரவுகள் தேவைப்பட்டன.

இலங்கைக்கு வரும் இந்தியர்கள் 2012 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இலத்திரனியல் பயண அனுமதி ஒன்றை முன்கூட்டியே பெற வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்னர் கட்டுநாயக்காவில் வந்திறங்கினால் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை. அவ்வளவுதான். புதிய முறையிலும் பெரிய சிரமம் கிடையாது. கடவுச்சீட்டு வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டு வேண்டும். அப்போது சார்க் நாட்டவருக்குக் கட்டணம் 20 டொலர். 30 நாட்கள் தங்கலாம், இரு தடவை நுழையலாம். தானே விண்ணப்பிக்க முடியாதவருக்காக வேறொருவர் விண்ணப்பிக்கவும் தளத்தில் வழியுண்டு. அந்த வழியால்தான் நான் உள்ளே போயிருந்தேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: வருகையின் நோக்கம் என்ன? பதிலை நாம் எழுத வேண்டியதில்லை. தயாராக வைத்திருக்கிறார்கள். சுற்றிப் பார்த்தலும் விடுமுறையும், நண்பர் உறவினரைச் சந்தித்தல், மருத்துவமும் ஆயுர்வேதமும் யோகாவும், விளையாட்டு மற்றும் கலை நிகழ்ச்சிகள். இவற்றுள் ஒன்றைத் தெரிய வேண்டும். நான் யாருக்காக விண்ணப்பித்தேனோ அவர் வருவது அறுபத்தொன்பதாவது வயதில், வாப்பாவின் கபுறடியைப் பார்க்க. அந்த வாப்பா எனக்கும் வாப்பா.

இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. பெயர்களை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் இத்தகைய குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவரவர் தம் பெயர்களை இட்டுக் கொள்ளலாம்.

வாப்பா காயல்பட்டினத்தில் 1919 இல் பிறந்தவர். பன்னிரண்டாவது வயதில், 1931 இல், புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்த தன் மாமாவிடம் வந்து சேர்ந்தார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் இரவு ரயிலில் கொழும்பு. மண்டபத்தில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ‘யார் நீ?’ என்று யாரும் கேட்கவில்லை என்பார். கடவுச்சீட்டு என்ற ஒன்றை அந்தப் பிராயத்தில் அவர் கண்ணால் கண்டதில்லை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் உம்மா கட்டிக் கொடுத்த பணியாரம். ஒரே கடலின் இரு கரைகளுக்கு நடுவே ஒரு கடைப் பையன் போய் வருவதற்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

1946 இல் ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்தார். அவர்தான் என் பெரியும்மா. காயல்பட்டினத்து வழக்கப்படி பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போவார். ஆகவே பெரியும்மா கடல் தாண்டவில்லை. வாப்பா ஆண்டுக்கொரு முறை போய் வந்தார். 1949 இல் ராத்தா பிறந்தார்.

அந்த ஆண்டுகளில்தான் கடலின் நடுவே ஒரு கோடு விழுந்தது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இந்த நாட்டில் தொழில் செய்தவர்கள் திடீரென அனுமதிப்பத்திரம் கேட்டு நிற்பவர்களானார்கள். கடைக்காரருக்குத் தற்காலிக வதிவிட அனுமதி. அது முடிந்தால் நீட்டிக்க வேண்டும். நீட்டிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை அன்று தெருவில் போகிற எவரும் எவரையும் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தது.

இன்னொரு சட்டமும் வந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். அதன்கீழ் 1951 ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பெரும்பாலானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர். ஈற்றில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 134,000 பேர்தான். நிபந்தனைகள் அப்படி. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமாகாதவராயின் பத்தாண்டும் மணமானவராயின் ஏழாண்டும் இங்கு தொடர்ந்து வதிந்திருக்க வேண்டும். கேட்டால் மணமானவருக்குச் சலுகை போலத் தோன்றும். ஆனால் மணமானவரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வதிந்திருக்க வேண்டும் என்பது அடுத்த வரி. மனைவியை ஊரில் வைத்துவிட்டு இங்கு கடை நடத்திய எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

வாப்பா 1974 இல் மௌத்தானார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய றங்குப் பெட்டியின் அடியில், பழைய கணக்குப் புத்தகங்களுக்குள், 1951 ஜூலையில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு விண்ணப்பத்தின் காபன் பிரதி கிடைத்தது. நீல எழுத்துகள் மங்கிப் போயிருந்தன. பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, தொழில், கடை விலாசம் எல்லாம் சரியாக இருந்தன. மணமானவரா என்ற இடத்தில், ‘மணமாகாதவர்’ என்றிருந்தது.

அன்று பெரியும்மாவுக்கு நிக்காஹ் முடிந்து ஐந்து வருடம். ராத்தாவுக்கு இரண்டு வயது. ஒரு சொல்லில் அவர்கள் இருவரும் இல்லாமற் போயிருந்தார்கள்.

1955 இல் வாப்பா இந்நாட்டுப் பிரஜையானார். 1956 இல் என் உம்மாவைக் கொழும்பில் மணமுடித்தார். தாத்தா பிறந்தா, பிறகு நான். 1962 இல் கடைசியாக ஊருக்குப் போனார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடினாலும் வாப்பா போகவில்லை. காசு அனுப்புவதற்கும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. சட்டம், புயல், செலாவணி என்று வெளிக் காரணங்களை நான் அடுக்கிக்கொண்டே போகலாம். உண்மையில் எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரே எடுக்கப்படாது. உம்மாவுக்குப் பிடிக்காது. எனவே எங்களுக்கும் பிடிக்காது என்றிருந்தோம்.

ராத்தாவின் குரலை நான் முதன்முதலில் கேட்டது 2011 ஜூனில். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்ட நேரம். காயலிலிருந்து வியாபாரத்துக்கு வந்து போகும் ஒருவரிடம் என் இலக்கத்தை எடுத்திருந்தார்.

“தம்பி, நான் காயப்பட்டணத்துலேந்து பேசுறேன். யாருன்னு தெரியுதா?”

தெரிந்தது. அந்த நொடியிலேயே தெரிந்தது.

“கப்பல் உட்டிருக்காங்களாம். ஊருலேந்து தூத்துக்குடி பக்கந்தான். வாப்பாட கபுற ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன். உங்களுக்கு ஒரு கரச்சலும் தர மாட்டேன். வரட்டுமா?”

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். உம்மா உள்ளே இருந்தா. “இப்ப வேணாம் ராத்தா. கொஞ்சம் பொறுங்க. நானே சொல்றேன்” என்றேன். ‘ராத்தா’ என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. நாங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அவர்கள்தான் ராத்தா என்பார்கள்.

அந்தக் கப்பல் சில மாதங்களே ஓடியது. நவம்பரில் நின்றுவிட்டது. அடுத்த ஜனவரியில் இணையத்தில் அனுமதி பெறும் முறை வந்தது. ஒரு தாளும் நிரப்பாமல், பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறி அவர் வந்திருக்கக்கூடிய ஐந்து மாதங்கள் இருந்தன. அந்த ஐந்து மாதங்களையும் மூடியவன் நான். எந்தத் திணைக்களமும் அல்ல.

உம்மா 2014 இல் மௌத்தானா. அதன் பின்னும் மூன்று வருடங்கள் நான் ‘சொல்லவில்லை’. வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். 2017 நோன்புப் பெருநாளன்று ராத்தாவே மீண்டும் எடுத்தார். “தம்பி, பாஸ்போர்ட் எடுத்துட்டேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. “வாங்க” என்றேன்.

ராத்தாவின் மகள் வழிப் பேரன் கல்லூரியில் படிக்கிறான். கணனி வேலையெல்லாம் தெரிந்த பிள்ளை. அவனே விண்ணப்பித்தான். பெரும்பாலும் பிள்ளைகள் செய்வது போல, தேடியதும் முதலில் வந்த தளத்தைத் திறந்திருக்கிறான். சின்னங்களும் கொடியும் எல்லாம் இருந்ததாம். அது அரசாங்கத்தின் தளமல்ல, இடையில் நின்று கூலி வாங்கும் ஒரு தனியார் தளம். 20 டொலருக்கான காரியத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு போயிற்று. அரசின் தளம் ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும், அதைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்பதை நானாவது முன்னரே சொல்லியிருக்கலாம்.

காசு போனது ஒருபுறம். அனுமதி வந்ததில் பெயர் பிழை. விண்ணப்பத்தில் ‘சேர்நேம்’ என்றொரு கட்டம் உண்டு. வெற்றாக விட முடியாது. இது வெள்ளைக்காரர் பழக்கத்துக்கு அமைந்த கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? வாப்பாவின் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவோம், அவ்வளவுதான். இந்தியக் கடவுச்சீட்டில் தமிழர் பலருக்கு அந்த வரி வெற்றாகவே இருக்கும். வெளிநாட்டுப் பயணத்தில் அது தொல்லை தரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ராத்தா கடவுச்சீட்டு எடுத்தபோது அந்த வரியில் தன் வாப்பாவின் பெயரைப் போட்டிருந்தார். பேரனோ, பெண்ணுக்குச் சேர்நேம் என்றால் கணவன் பெயர்தானே என்று நினைத்து, தன் அப்பாவின் பெயரை அடித்துவிட்டான். காயலில் அப்பா என்றால் பாட்டனார்.

கடவுச்சீட்டில் ஒன்றும் அனுமதியில் ஒன்றும் இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். “நீங்களே அங்கேருந்து செய்யுங்க தம்பி” என்றார் ராத்தா. கடவுச்சீட்டின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான் பேரன்.

முதல் இரவு அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரும் தாய் பெயரும் அச்சிட்டிருக்கும். என் வாப்பாவின் பெயர், அதன் கீழ் பெரியும்மாவின் பெயர். அவ்விரண்டு பெயர்களையும் ஒன்றாக ஓர் அரசாங்கத் தாளில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதற் பக்கத்தில் ராத்தாவின் முகம். வாப்பாவின் நெற்றி, வாப்பாவின் காது. அன்றிரவு ஒரு கட்டமும் நிரப்பவில்லை. கணனியை மூடிவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் இரவு பெயர்க் கட்டத்துக்கு வந்தேன். வாப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் நான் எழுதாத நாளில்லை. என் பெயரோடு ஒட்டிய பெயர் அது. விரல்கள் தாமாகவே அடித்தன. அடித்த பிறகு ராத்தாவின் கடவுச்சீட்டைப் பார்த்தேன். முகம்மது என்பதில் அவருக்கு இரண்டு ‘எம்’ சேர்ந்து வருகிறது, எனக்கு ஒன்று. ஒரே மனிதனின் பெயர், கடலுக்கு அப்பால் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. அழித்துவிட்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்து மீண்டும் அடித்தேன். சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகளல்ல என்று சொல்ல அந்த ஓர் எழுத்துப் போதும். கட்டணம் செலுத்துவதற்கு முன் கண்டுகொண்டது நல்லதாயிற்று.

பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், எங்கிருந்து புறப்படுகிறார், எந்த விமானம்? மதுரையிலிருந்து. பிறகு, இலங்கையில் தங்கும் விலாசம்.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா தொலைபேசியில் வந்தா. என்ன செய்கிறாய் என்று கேட்க, மறைக்காமல் சொன்னேன்.

“ஒனக்கென்ன பைத்தியமா? வீட்டு விலாசத்தப் போடாத. இன்டக்கிக் கபுறப் பாக்க வருவாங்க, நாளக்கிப் பங்கு கேப்பாங்க.”

“வீடு உம்மாட பேர்ல இருந்த வீடு தாத்தா. அவங்களுக்கு இதுல என்ன பங்கு?”

“கடை இருந்திச்சே. கடை வித்த காசு எங்க போச்சுன்டு கேட்டா என்ன சொல்லுவாய்? ஏதும் ஹோட்டல் பேரப் போடு. சுத்திப் பாக்க வாரன்டு போடு. அதுல பொய் என்ன ஈக்கு? வந்தா சுத்தியும்தானே பாப்பாங்க.”

தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். உம்மாவின் பக்கத்தில் கடைசி வரை இருந்தவ அவதான். அவவின் பயத்துக்குள் உம்மாவின் பயம் இருந்தது. கடை விற்ற காசில் எங்கள் இருவர் படிப்பும் தாத்தாவின் கலியாணமும் நடந்தன என்பதும் உண்மை. அதில் ஒரு சதமும் காயலுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. வாப்பாவின் சொத்துக்கு மார்க்கம் சொன்ன பங்கீட்டில் மூன்றாவது பிள்ளையாக ஒரு பெண் இருந்தார். மதிப்பிடத் தெரிந்த பெரியவர்கள் யாவரும் அன்று மௌனமாக இருந்தார்கள்.

பேசி முடித்துத் திரும்பியபோது, நீண்ட நேரம் எதுவும் அடிக்காததால் பக்கம் காலாவதியாகியிருந்தது. முதலிலிருந்து தொடங்கு என்றது. அன்றும் மூடிவிட்டேன்.

தாத்தா சொன்ன வழி இலகுவானதுதான். ஹோட்டல் பெயரைப் போடுபவர்கள் எத்தனையோ பேர். சுற்றுலா அனுமதியென்றால் சுற்றிப் பார்ப்பதுதானே. யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. ஆனால் படுத்த பின்னும் 1951 இன் அந்த நீல எழுத்துகள் கண்ணுக்குள் நின்றன. வாப்பாவும் இப்படித்தான் ஏதோ ஓர் இரவில், யாரோ ஒரு பெட்டிசம் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, இதிலென்ன இருக்கிறது, தாளில்தானே என்று நினைத்திருப்பார். அவருக்காவது கடை போய்விடும், நாட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? வயது ஐம்பத்தெட்டு. ஓய்வூதியம் வருகிறது. என்னை யாரும் துரத்தப் போவதில்லை.

மூன்றாம் இரவு மளமளவென்று நிரப்பினேன். விலாசம்: தெஹிவளையில் என் வீடு. நோக்கம்: நண்பர் உறவினரைச் சந்தித்தல். சேர்நேம்: வாப்பாவின் பெயர், இரண்டு எம்முடன். மகனின் அட்டையால் 20 டொலர் செலுத்தினேன். மறுநாள் லுஹருக்கு முன் மின்னஞ்சலில் அனுமதி வந்தது. அச்செடுத்து, ஒரு பிரதியை வாப்பாவின் காபன் பிரதி இருந்த அதே உறைக்குள் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெப்ரவரி நடுப்பகுதியில் ராத்தா வந்தார். காயலிலிருந்து மதுரைக்குக் காரில் வந்த நேரத்தைவிடக் கடலைக் கடந்த நேரம் மிகக் குறைவு. ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். பேரன் கூட வந்திருந்தான். வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக் கொண்டு முதலில் சொன்னது இது:

“உள்ளே அந்த ஆபீஸர், ‘எங்க தங்குவீங்க’ன்னு இங்கிலீஷுல கேட்டாரு. நான் ‘மல்லி கெதர’ன்னேன். சிரிச்சுட்டு அடிச்சுக் குடுத்துட்டாரு.”

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. கெதர என்றால் வீடு. “உங்களுக்கு யார் ராத்தா சிங்களம் சொல்லித் தந்தது?” என்றேன்.

“வாப்பாதான். அறுபத்திரண்டுல வந்தப்ப. எனக்குப் பதிமூணு வயசு. ‘அங்க நமக்கு ஒரு மல்லி ஈக்கிது’ன்னாங்க. உம்மா அடுப்பங்கரையில இருந்துட்டு, கொத்தமல்லி ஏவாரமும் தொடங்கிட்டாங்களாக்கும்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்புறம் வாசல்ல வெச்சு எனக்கு மட்டும் அர்த்தம் சொன்னாங்க. உம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க. நான் சொல்லல.”

1962 இல் எனக்கு இரண்டு வயது. ஐம்பத்தாறு வருடங்களாக ஒரு வீட்டில் எனக்கு உறவு முறை இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

கபுறடிக்கு மறுநாள் அஸருக்குப் பின் போனோம். அது கொழும்பின் ஒரு பெரிய மையவாடி. வாசலில் பொறுப்பாக இருந்தவர் பேரனையும் என்னையும் விட்டார், ராத்தாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பெண்கள் உள்ளே போவதில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் அந்த மூன்று இரவுகளில் ஒருமுறையேனும் ராத்தாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வராமல் விடுவார் என்று பயந்தேனோ, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேனோ. கடலையும் சட்டத்தையும் கடந்து வந்த ஒரு கிழவி, நாலடிச் சுவரின் வெளியே நின்றார்.

இன்னொன்றையும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. 1974 இல் வாப்பாவை அடக்கிய இடம் இதுதான் என்று என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியாது. நகரத்து மையவாடியில் மண் திரும்பத் திரும்பத் தோண்டப்படும். அந்த வரிசையில் எத்தனையோ ஜனாஸாக்கள் பிறகு வந்துவிட்டன. நட்ட மீஸான் பலகை எப்போதோ உக்கிப் போனது. வேப்ப மரத்திலிருந்து வடக்கே என்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். இப்போது வேப்ப மரமும் இல்லை.

வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். “இந்தச் சுவத்துக்குள்ளதானே?” என்று மட்டும் கேட்டார். “ஆமா” என்றேன். “அது போதும்” என்று சொல்லிச் சுவரின் மேல் கையை வைத்து, நின்றபடியே யாசீன் ஓதினார். நான் பக்கத்தில் நின்றேன். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

அன்றிரவு காபன் பிரதியை எடுத்து அவர் முன் வைத்தேன். வாசித்துக் காட்டினேன். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் ஒளித்திருந்த பொருள் இது, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்ற எண்ணத்தில் தொண்டை அடைத்தது. ராத்தா தன் பையைத் திறந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே வாப்பாவின் கடிதம். அறபுத்தமிழ். பெரியும்மாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது, ஓதிய எழுத்தில்தான் வாசிப்பாராம். 1951 இல் வந்த கடிதம். நான் தட்டுத் தடுமாறி வாசித்தேன். இங்கு ஒரு தாள் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதில் உங்கள் பெயரை எழுதினால் எனக்கு உரிமை கிடைக்காது, எழுதாமல் விடுவதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும், தாளில் மட்டும்தான் என்று எழுதியிருந்தார்.

“உம்மா சம்மதிச்சுப் பதில் போட்டாங்க” என்றார் ராத்தா. “தாளுல நான் இல்லாட்டி என்ன, மனுஷன் இருந்தாப் போதும்னு சொல்வாங்க. மனுஷனும் இல்லாமப் போவாருன்னு அவங்களுக்குத் தெரியாது.”

சொல்லும்போது குரலில் கோபமிருந்தது. இருக்கத்தான் வேண்டும். அவர் அதை மறைக்கவில்லை, நான் சமாதானம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தாத்தா வந்தா. இரண்டு கிழவிகளும் முதலில் ஒருவரையொருவர் பார்க்காமல் தேநீர் குடித்தார்கள். பிறகு தாத்தா, “வாப்பாட காது” என்றா. அதற்குப் பின் நான் எழுந்து போய்விட்டேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்களோ. கடைக் காசைப் பற்றிய பேச்சு வந்ததா என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. ராத்தா புறப்பட்ட அன்று தாத்தாவின் கையில் கிடந்த இரண்டு வளையல்களில் ஒன்று இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

பன்னிரண்டு நாட்கள் இருந்துவிட்டுப் போனார். அதன் பின்னர் இந்த அனுமதி முறை பல தடவை மாறியது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் சுற்றுலாவை மீட்பதற்காக, அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியா உட்படப் பல நாட்டவருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2023 நவம்பரில் மீண்டும் இந்தியருக்கும் வேறு ஆறு நாட்டவருக்கும் இலவசம் என்றார்கள். 2024 ஏப்ரலில் முழு முறையுமே வேறு கைக்கு மாறி, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, செப்டெம்பரில் பழைய முறை திரும்பியது. இன்னும் மாறும். போகிறவர்கள் அன்றன்றைய நிலையை அரசின் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

2019 இல் கட்டணம் நீங்கியபோது ராத்தா எடுத்தார். “இப்ப காசில்லாமக் குடுக்குறாங்களாமே தம்பி. முழங்கால் கொஞ்சம் சரியாகட்டும். வர்ற வருஷம் நோன்புக்கு முன்னாடி வர்றேன்” என்றார். 2020 மார்ச்சில் கட்டுநாயக்கா மூடப்பட்டது. ஜூனில் ராத்தா மௌத்தானார். ஜனாஸாவைப் பேரன் தொலைபேசியில் காட்டினான். நான் கணனிக்கு முன்னால் அமர்ந்திருந்தேன். நிரப்புவதற்கு அன்று எந்த விண்ணப்பமும் இருக்கவில்லை.

அந்த உறை இன்னும் இருக்கிறது. 1951 இன் காபன் பிரதியும் 2018 இன் அச்சுப் பிரதியும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன. அச்சுப் பிரதியில் இரு தடவை நுழையலாம் என்றிருக்கிறது. ராத்தா ஒரு தடவைதான் வந்தார்.